ஒரே பாட வீடியோ, நூறு விதமான போன்கள்: வேகமான சர்வர் வாங்கினால் போதுமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களைப் பதிவு செய்து, 1080பி எம்பி4 கோப்புகளாக உங்கள் சர்வரில் வைத்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரப் பாடம் ஏறத்தாழ 2 ஜிபி. டியூஷன் சென்டரில் இருக்கும் லேப்டாப்பில் தடங்கலே இல்லை. மாணவர்களின் போனில் பலருக்குச் சுற்றிக்கொண்டே நிற்கிறது. சிலருக்கு முக்கால் பாடம் வரை நன்றாக ஓடி, அப்புறம் அடியோடு நின்றுவிடுகிறது. வேகமான சர்வருக்கு மாறினால் சரியாகுமா என்கிறீர்கள். கேள்வி சர்வரைப் பற்றியதுபோல இருந்தாலும், உங்களுக்குத் தேவைப்படும் பதில் வேறு: விலை, திரை, சிக்னல், மிச்சமிருக்கும் டேட்டா எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும் போன்களுக்கு ஒரே பாடத்தை எப்படிக் கொண்டுசேர்ப்பது? வீடியோ பிளேயர் எழுதுவதும் அதற்கான கோப்புகளைத் தயார் செய்வதும்தான் பல ஆண்டுகளாக என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கோப்பையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபி என்றால் நொடிக்குச் சராசரியாக 4.4 மெகாபிட். அதாவது, ஒரு மாணவரின் போனுக்கு அந்த ஒரு மணி நேரமும் விடாமல் 4.4 மெகாபிட் வேகம் கிடைத்தால்தான் பாடம் நிற்காமல் ஓடும். ஸ்பீட் டெஸ்டில் ஒரு நொடி 20 மெகாபிட் காட்டுவதால் பயனில்லை. எட்டு மணிக்கு, உள்ளறையில், தெருவே போன் பார்க்கும் நேரத்தில் எவ்வளவு வருகிறது என்பதுதான் கணக்கு. இந்தியாவில் ஓர் இணைப்பை பிராட்பேண்ட் என்று அழைக்கத் தேவையான குறைந்தபட்ச வேகமே 2023இல்தான் 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. உங்கள் கோப்பு கேட்பது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

முக்கால் பாடத்தில் நிற்கும் மாணவர்களின் கதை இதிலிருந்து வேறு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பலர் வைத்திருக்கும் ரீசார்ஜ் திட்டம் நாளைக்கு 1.5 ஜிபி. ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபி தின்னும் வீடியோ அந்த 1.5 ஜிபியைச் சரியாக 45 நிமிடத்தில் தீர்த்துவிடும். தீர்ந்ததும் வேகம் வழக்கமாக 64 கிலோபிட்டுக்கு இறக்கப்படும். அதற்குமேல் உங்கள் கோப்பு நகரவே நகராது. இது என் ஊகம்தான். அவர்கள் எந்தத் திட்டத்தில் இருக்கிறார்கள், அன்றைக்கு வேறு என்ன பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து நிமிடம் மாறும். ஆனால் சோதிப்பது எளிது. பாடம் நின்றதும் வாட்ஸ்அப்பில் ஒரு படமாவது இறங்குகிறதா, மறுநாள் காலையில் அதே இடத்திலிருந்து தடையில்லாமல் ஓடுகிறதா என்று இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். அன்றிரவு எதுவுமே இறங்கவில்லை, காலையில் ஓடுகிறது என்றால், நீங்கள் எந்த நாட்டில் எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மாற்றமும் இருக்காது.

சர்வருக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. நூறு பேர் ஒரே நேரத்தில் பார்த்தால், ஆளுக்கு 4.4 மெகாபிட் வீதம் 440 மெகாபிட் வெளியே போக வேண்டும். உங்கள் சர்வரின் இணைப்பு 100 மெகாபிட் என்றால் 22 பேரோடு நிரம்பிவிடும். அது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க, மாணவர்கள் புகார் சொல்லும் அதே நேரத்தில் நல்ல பிராட்பேண்ட் உள்ள ஒரு வீட்டு லேப்டாப்பில் ஓட்டிப் பாருங்கள். சென்டரிலேயே சர்வர் இருந்தால் அங்கிருந்து சோதிப்பது சோதனையே அல்ல. லேப்டாப்பும் தடுமாறினால் சர்வர் பக்கம் நெரிசல். லேப்டாப் ஓடி, போன் மட்டும் நின்றால் நெரிசல் போனுக்கும் டவருக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, அல்லது போனிலேயே இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம், இன்றைக்கே செய்துவிடலாம். எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஓர் அட்டவணை உண்டு. பல ரெக்கார்டிங் மென்பொருள்கள் அதைக் கோப்பின் கடைசியில் எழுதிவைக்கும். அதைப் படிக்காமல் பிளேயரால் முதல் படத்தைக்கூடக் காட்ட முடியாது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அது அட்டவணையைக் கோப்பின் தொடக்கத்துக்கு நகர்த்தும். மறுபடி என்கோட் செய்ய வேண்டாம், அதாவது வீடியோவை மீண்டும் சுருக்கி எழுத வேண்டாம். பாடம் தொடங்கவே வெகுநேரம் ஆகிறது என்ற புகார் இருந்தால் பெரும்பாலும் இதிலேயே பாதி குறையும். நடுவில் நிற்பதற்கு இது மருந்தல்ல.

நடுவில் நிற்பதற்கான மருந்து, ஒரே கோப்பை எல்லோருக்கும் கொடுப்பதை விடுவது. பழைய காலத்தில் சர்வரே ஒவ்வொரு இணைப்பையும் கவனித்து, அதற்கேற்ற பதிப்பை அனுப்பப் பார்த்தது. 1998 வாக்கில் ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பம் ஒரே கோப்புக்குள் பல பிட்ரேட்களை (நொடிக்கு எத்தனை பிட் என்ற அளவு) வைத்து அப்படித்தான் மாற்றிக்கொண்டது. இப்போது முடிவெடுக்கும் இடம் முழுக்கப் போனுக்கு வந்துவிட்டது. பாடத்தைப் பல தரங்களில் என்கோட் செய்து, ஒவ்வொன்றையும் சில நொடித் துண்டுகளாக நறுக்கி, எந்தத் தரம் எவ்வளவு பிட்ரேட், என்ன ரெசல்யூஷன், எந்த கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) என்று ஒரு பட்டியல் கோப்பில் எழுதி வைத்தால் போதும். ஒவ்வொரு தரத்தையும் ஒரு படி என்போம். போனில் உள்ள பிளேயர் பட்டியலைப் படித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எந்தப் படியில் இறங்குவது, எதில் ஏறுவது என்று தானே முடிவெடுக்கும். ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையும், 2012இல் சர்வதேசத் தரமாக வெளியான டாஷ் முறையும் இந்த ஏற்பாடுதான். துண்டுகள் எல்லாம் சாதாரணக் கோப்புகள் என்பதால் எந்த வெப் சர்வரிலும் வைக்கலாம். கோப்புகளைப் பல ஊர்களில் நகலெடுத்து வைக்கும் சிடிஎன் சேவைகளும் அவற்றை எளிதாகச் சேமித்துக் கொடுக்கும். ஐபோன் எச்எல்எஸ்ஸை நேரடியாகவே ஓட்டும். ஆண்ட்ராய்டு பிரவுசருக்கு எச்எல்எஸ்.ஜேஎஸ் என்ற இலவச பிளேயர் இருக்கிறது. உங்கள் அளவுக்கு எச்எல்எஸ் ஒன்றே போதும், இரண்டையும் தயாரிக்க வேண்டாம்.

பிளேயர் எப்படி முடிவெடுக்கிறது என்பது தெரிந்தால்தான் அதன் அமைப்புகளில் கைவைக்க முடியும். அதனிடம் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. கடைசி சில துண்டுகள் எவ்வளவு வேகத்தில் இறங்கின என்பது ஒன்று. இறக்கி வைத்து இன்னும் ஓடாமல் இருக்கும் வீடியோ எத்தனை நொடி என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் பஃபர் என்கிறோம். மாடித் தண்ணீர்த் தொட்டியைப்போல: குழாயில் வரத்து முன்னே பின்னே இருந்தாலும், தொட்டியில் நீர் இருக்கும்வரை வீட்டுக்குள் தடையில்லை. வேகத்தை மட்டும் நம்பும் பிளேயர் மொபைல் நெட்வொர்க்கில் ஏமாந்துபோகும், ஏனென்றால் அங்கே வேகம் நொடிக்கு நொடி மாறுகிறது. நெட்ஃபிளிக்ஸும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத் தொட்டது. தொடக்கத்தில் மட்டும் வேகத்தைப் பார்த்து, அப்புறம் பஃபர் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை வைத்தே படியைத் தேர்ந்தெடுத்தபோது, அன்றைக்கு நெட்ஃபிளிக்ஸ் பயன்படுத்திய முறையைவிட 10 முதல் 20 சதவீதம் வரை தடங்கல் குறைந்தது. பிறகு இயந்திரக் கற்றல் கொண்டு முடிவெடுக்கும் பிளேயர்கள் வந்தன. ஸ்டான்ஃபோர்டின் Puffer என்ற திட்டம் (மேலே சொன்ன பஃபர் அல்ல, திட்டத்தின் பெயர்) அமெரிக்காவில் உண்மையான பார்வையாளர்களுக்கு டிவி சேனல்களை அனுப்பி அவற்றை ஒப்பிட்டது. 2020இல் வெளியான அதன் முடிவுகளில், பஃபரை மட்டும் பார்க்கும் எளிய முறை, நுட்பமான பல முறைகளுக்கு ஈடுகொடுத்தது. ஆகவே பிளேயரின் மூளையை மாற்றி எழுத மெனக்கெட வேண்டாம். ஆயத்தமாகக் கிடைப்பதே போதும். உங்கள் உழைப்பு படிகளுக்குப் போகட்டும்.

பிளேயரில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது பஃபரின் அளவு. எச்எல்எஸ்.ஜேஎஸ் வழக்கமாக 30 நொடி முன்னால் இறக்கி வைக்க முயலும். அதை இரண்டு நிமிடமாக உயர்த்தினால், சிக்னல் விட்டு விட்டு வரும் ஊர்களில் பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் பத்தாவது நிமிடத்தில் மூடிவிட்டுப் போகும் மாணவருக்கு, பார்க்காத இரண்டு நிமிடமும் டேட்டாவில் போய்விடும். மேல்படியில் அது பெரிய இழப்பு, கீழ்ப்படியில் ஒன்றுமே இல்லை. பதிவு செய்த பாடம் என்பதால் நான் ஒரு நிமிடம் வைப்பேன். பிளேயர் முதல் துண்டைக் கீழ்ப்படியிலிருந்தே எடுக்கும்படி அமைத்துவிடுங்கள். முதல் சில நொடி கொஞ்சம் மங்கலாக இருந்தால் யாரும் போய்விட மாட்டார்கள். வெற்றுத் திரையைப் பார்த்துக் காத்திருக்க வைத்தால் போய்விடுவார்கள்.

இனி படிகள். என் வேலையில் அதிகம் பார்த்த பழக்கம், எல்லோரும் மேல்படியிலிருந்து யோசிப்பது: 1080பி எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, 720பி எப்படி, மிச்சமிருப்பதற்கு எங்காவது கிடைத்த எண்களைப் போட்டுவிடுவார்கள். பாடம் சொல்லிக்கொடுப்பவர் கீழ்ப்படியிலிருந்து தொடங்க வேண்டும். மிக மோசமான இணைப்பில் இருக்கும் மாணவருக்கும் எது கட்டாயம் போய்ச் சேர வேண்டும்? உங்கள் குரல், அப்புறம் பலகையில் இருக்கும் எழுத்து. முகமும் கையசைவும் அதற்குப் பின்னால்தான். திரைப்படத்துக்கு வகுத்த படிகளை அப்படியே எடுத்துப் போட்டால் முன்னுரிமை தலைகீழாகிவிடும். உதாரணமாக, ஆப்பிள் எச்எல்எஸ்ஸுக்குக் கொடுக்கும் மாதிரிப் பட்டியலில் கீழ்ப்படி 145 கிலோபிட்டில் 416க்கு 234 பிக்சல். திரைப்படத்தில் ஓடுபவர் யார் என்று அதில் தெரிந்துவிடும். பலகையில் எழுதிய வேதியியல் சமன்பாட்டின் கீழ்க்குறி எண் தெரியவே தெரியாது.

பலகைப் பாடம், ஸ்லைடு பாடம் இரண்டிலும் காட்சி பெரும்பாலும் அசையாது. அசையாத காட்சியை எச்.264 போன்ற கோடெக்குகள் மிகக் குறைந்த செலவில் சுருக்கும். நெட்ஃபிளிக்ஸ் முதலில் எல்லாப் படங்களுக்கும் 235 முதல் 5,800 கிலோபிட் வரை ஒரே படிவரிசையை வைத்திருந்தது. எளிய கார்ட்டூனுக்கும் சண்டைக் காட்சிக்கும் ஒரே பிட்ரேட் கொடுப்பது வீண் என்று கண்டு, 2015 டிசம்பரில் படத்துக்குப் படம் தனித்தனிப் படிகள் என்ற முறையை அறிவித்தது. உங்கள் பாடங்கள் எளிய கார்ட்டூனைவிடவும் எளியவை. ஆகவே கீழ்ப்படியில் ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள், நொடிக்கு எத்தனை பிரேம் என்பதைக் குறையுங்கள். 480பி, நொடிக்கு 10 பிரேம், 200 கிலோபிட். உங்கள் கையசைவு கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும், எழுத்து படிக்கும்படி இருக்கும். அதற்கு மேல் 480பி 25 பிரேமில் 450 கிலோபிட், 720பியில் 1,200 கிலோபிட் வையுங்கள். வீட்டு டிவியில் பார்ப்பவர்களுக்காக வேண்டுமானால் 1080பியில் 2,500. இந்த எண்கள் தொடங்குவதற்கானவை. உங்கள் கேமரா, விளக்கு, பலகை மூன்றையும் பொறுத்து மாற வேண்டியிருக்கும். கேமராவைக் கையில் பிடித்து எடுத்திருந்தாலோ, மங்கிய வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாகப் பதிவாகியிருந்தாலோ இந்தப் பிட்ரேட் போதாது. ஒரு முக்காலியும் இரண்டு டியூப்லைட்டும் செய்வதை எந்த என்கோடராலும் செய்ய முடியாது.

துண்டுகளின் நீளத்திலும் இதே நியாயம்தான். ஒவ்வொரு துண்டும் ஒரு முழுப் படத்தோடு தொடங்க வேண்டும். அதற்குக் கீபிரேம் என்று பெயர். அசையாத காட்சியில் பிட்ரேட்டின் பெரும்பகுதியைத் தின்பது இந்தக் கீபிரேம்கள்தான், நடுவில் வரும் பிரேம்கள் அல்ல. இரண்டு நொடிக்கு ஒன்று வைத்தால் ஒரே பலகையை மணிக்கு 1,800 தடவை முழுதாக அனுப்புகிறீர்கள். 6 நொடிக்கு ஒன்று என்றால் 600 தடவை. ஆப்பிள் பரிந்துரைப்பதும் 6 நொடித் துண்டுதான். எல்லாப் படிகளிலும் கீபிரேம் ஒரே நொடியில் விழும்படி என்கோடரில் கட்டாயப்படுத்துங்கள். அது பிசகினால் படி மாறும்போது படம் துள்ளும், சில போன்களில் ஒலி முன்பின்னாகும்.

சரி, டேட்டா தீர்ந்து 64 கிலோபிட்டில் இருக்கும் பிள்ளைக்கு என்ன செய்வது? வீடியோவுக்கு அங்கே இடமில்லை. குரலுக்கு இருக்கிறது. ஒரு ஆள் பேசுவதை எச்இ-ஏஏசி என்ற ஒலி கோடெக்கில் மோனோவாக 32 கிலோபிட்டில் வைத்தால் பேச்சு தெளிவாகவே கேட்கும். ஆண்ட்ராய்டும் ஐபோனும் அதை ஓட்டும். ஒரு மணி நேரத்துக்கு 15 எம்பிகூட ஆகாது. அதோடு ஒவ்வொரு பலகையையும் 40 கேபி அளவுள்ள ஒரு படமாக, எந்த நிமிடத்தில் வர வேண்டும் என்ற குறிப்போடு கொடுத்தால், மிச்சமிருக்கும் 32 கிலோபிட்டில் அது பத்து நொடியில் இறங்கிவிடும். கணக்குப்படி இது போதும். நடைமுறையில் வேகம் குறைக்கப்பட்ட இணைப்பு சொன்ன 64ஐயும் எப்போதும் தருவதில்லை. ஆகவே நிற்கவே நிற்காது என்று நான் உறுதி கூற மாட்டேன். ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. ஐபோன் வந்த தொடக்க ஆண்டுகளில் ஆப்பிளே ஒரு விதி வைத்திருந்தது: மொபைல் நெட்வொர்க்கில் 10 நிமிடத்துக்கு மேல் வீடியோ ஓட்டும் எந்தச் செயலியும் 64 கிலோபிட்டில் ஒரு கீழ்ப்படி வைத்தே ஆக வேண்டும்.

இந்த ஒலிப்படியை எச்எல்எஸ் பட்டியலில் மற்ற படிகளோடு சேர்த்தால் எல்லாப் போனும் தானாக அதற்கு இறங்கும் என்று நினைக்க வேண்டாம். ஐபோனின் சொந்த பிளேயர் இறங்கும். எச்எல்எஸ்.ஜேஎஸ், பட்டியலில் வீடியோ படிகள் இருந்தால் ஒலி மட்டும் உள்ள படியை ஒதுக்கிவிடும். ஆகவே 'குரல் மட்டும்' என்று பிளேயருக்குக் கீழே தனிப் பொத்தான் வையுங்கள். பக்கத்திலேயே ஒவ்வொரு தரத்துக்கும் மணிக்கு எத்தனை எம்பி ஆகும் என்றும் எழுதுங்கள். கீழ்ப்படி ஒலியோடு சேர்த்து 105 எம்பி, 720பி ஏறத்தாழ 550 எம்பி. இணைப்பின் வேகத்தைப் பிளேயர் கண்டுபிடிக்கும். அந்த டேட்டா வீட்டில் மூன்று பேருக்குப் பங்கு என்பதை அதனால் கண்டுபிடிக்க முடியாது. வேகம் நன்றாக இருக்கும்போதும் வேண்டுமென்றே கீழ்ப்படியில் நிற்கும் உரிமை மாணவருக்கு இருக்க வேண்டும்.

சாதனங்களைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, கோடெக் விஷயத்தில் ஆசைப்படாமல் இருந்தால். எச்.264 2003இல் வந்தது. பிள்ளைகள் கையில் இருக்கும் ஏறக்குறைய எல்லாப் போனிலும் அதற்கென்றே தனிச் சிப் பகுதி உண்டு. 2013இல் வந்த எச்இவிசி, 2018இல் வந்த ஏவி1 இரண்டும் இன்னும் நன்றாகச் சுருக்கும் என்பது உண்மை. ஆனால் விலை குறைந்த பல போன்களில் ஏவி1க்கு அந்தச் சிப் வசதி இல்லை. மென்பொருளால் ஓட்டும்போது போன் சுடும், பேட்டரி கரையும், பழைய போனாக இருந்தால் பிரேம்கள் விடுபடும். எல்லாப் படிகளையும் எச்.264இலேயே வையுங்கள். பிற்பாடு வேண்டுமானால் கூடுதல் படியாகப் புதிய கோடெக்கைச் சேர்க்கலாம். பட்டியலில் கோடெக் பெயர் சரியாக எழுதியிருந்தால், ஓட்ட முடியாத போன் அதை விட்டுவிடும்.

திரையளவில் ஒரு பொறி இருக்கிறது. வீடியோ பெட்டியின் அளவைப் பார்த்து, அதைவிடப் பெரிய படிக்கு ஏறாமல் தடுக்கும் அமைப்பு பல பிளேயர்களில் உண்டு. டேட்டாவை மிச்சப்படுத்த அருமையானது. போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும்போது பெட்டி சின்னதாக இருக்கும், படியும் இறங்கும். மாணவர் விரலால் பெரிதாக்கிப் பலகையைப் படிக்கப் பார்த்தால் எழுத்து மசமசவென்று இருக்கும். மேலே சொன்ன படிகளில் கீழ்ப்படியே 480பி என்பதால் உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. போனில் 480பி போதுமா என்று தயங்குகிறீர்கள் என்றால், 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது இந்தியாவின் பெரிய ஓடிடி நிறுவனங்கள் மொபைல் நெட்வொர்க்கில் 480பிக்கு மேல் அனுப்புவதில்லை என்று சேர்ந்து முடிவெடுத்து, சில வாரங்கள் அப்படியே நடத்தின.

இதெல்லாம் உங்கள் விளக்கத்தை மட்டும் வைத்துச் சொன்னது. எந்த மாணவருக்கு எந்த இடத்தில் அடைக்கிறது என்று வெளியிலிருந்து என்னால் சொல்ல முடியாது. படிகளைப் போட்டபின், ஒவ்வொரு முறை பாடம் நிற்கும்போதும் எத்தனையாவது நிமிடம், எந்தப் படி, அப்போது பஃபரில் எத்தனை நொடி என்ற மூன்றை மட்டும் பிளேயர் உங்கள் சர்வருக்கு அனுப்பும்படி செய்யுங்கள். இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நின்றால் சர்வர். ஒரே ஊர்க்காரர்களுக்கு மட்டும் மாலையில் நின்றால் டவர். ஒரு மாடல் போனில் மட்டும், பஃபர் நிரம்பியிருந்தும் நின்றால் டீகோடர், அதாவது சுருக்கிய வீடியோவைப் போனில் விரித்துக் காட்டும் பகுதி. அந்த விவரத்தோடு மறுபடி கேளுங்கள், இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.

கடைசியாக, நேரலை வகுப்பையும் இதே வழியில் நடத்தலாமா என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். பேசுவதைக் கேட்க மட்டும் என்றால் நடத்தலாம். ஆனால் பிளேயர் வழக்கமாக மூன்று துண்டு பின்தங்கியே ஓடும். 6 நொடித் துண்டில் நீங்கள் கேள்வி கேட்டு 18 நொடி கழித்துத்தான் மாணவருக்குக் கேட்கும். துண்டைச் சுருக்கினால் தாமதம் குறையும், பஃபரும் கூடவே குறையும், மோசமான சிக்னலில் இருப்பவர்தான் முதலில் விழுவார். கேள்வி பதிலோடு வகுப்பு வேண்டுமென்றால் வீடியோ அழைப்புக்குப் பயன்படும் வெப்ஆர்டிசி பக்கம் போக வேண்டும். அதன் கணக்குகள் முற்றிலும் வேறு.